பாக்டீரியா, நொதி, புழு: பிளாஸ்டிக்கைத் தின்பதில் யார் தேறுவார்?

பிளாஸ்டிக் தின்னும் உயிரி என்று செய்தி வந்தால், எந்த பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கான பெட் (PET) வேறு, கேரி பேக்குக்கான பாலிஎத்திலீன் வேறு. பெட்டின் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் எனும், ஆக்சிஜன் இடையிட்ட பிணைப்புகள் உண்டு; நீரின் துணையோடு நொதிகள் (என்சைம்கள்) அவற்றை வெட்டிவிடும். பாலிஎத்திலீனில் நெடுகக் கார்பன்-கார்பன் பிணைப்புதான். நொதிக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.

ஜப்பானின் சாகாய் நகரில் கண்டெடுத்து 2016இல் அறிவித்த இடியோனெல்லா பாக்டீரியா, 30 டிகிரியில் மெல்லிய பெட் படலத்தை ஏறக்குறைய 6 வாரத்தில் கரைத்தது. ஆனால் அது படிகத்தன்மை மிகக் குறைந்த படலம். பாட்டிலிலோ மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கி இறுகிக் கிடக்கும். அங்கே திணறல்தான்.

நொதியின் கதை வேறு. இலைமட்கில் கிடைத்த கியூட்டினேஸ் என்ற நொதி, இயற்கையில் இலைத்தோலின் பூச்சைச் சிதைப்பது. பிரான்ஸில் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் அதைத் திருத்தியமைத்தார்கள். 2020இல் வெளியான முடிவு: 72 டிகிரியில், 10 மணி நேரத்தில், 90 சதவீத பெட் மூலப்பொருளாகப் பிரிந்தது. அந்தச் சூட்டில் பெட் சங்கிலிகள் நெகிழ்ந்துகொடுக்கும். இதற்கும் விலை உண்டு. பிளாஸ்டிக்கை முதலில் உருக்கி, சட்டென்று குளிர்வித்து, பொடியாக்கித் தர வேண்டும். பிரியும்போது அமிலம் வெளிப்படுவதால் காரம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் உப்பு மிஞ்சும். குப்பைமேட்டில் தெளித்துவிட்டு வரும் மருந்தல்ல இது, முழு ரசாயன ஆலை.

புழுவுக்குத்தான் விளம்பரம் அதிகம். தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகுப்புழுக்கள் 100 சேர்ந்து 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் பாலிஎத்திலீனைக் குறைத்ததாக 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. கணக்குப் போட்டால், 5 கிராம் கேரி பேக் ஒன்றை ஓர் இரவில் தீர்க்க 5,000 புழுக்களுக்கு மேல் வேண்டும்! தின்றது உண்மையில் செரித்ததா, துகளாகி வெளியே வந்ததா என்ற சர்ச்சையும் அந்த ஆண்டே கிளம்பியது.

என் ஓட்டு நொதிக்கு. ஆனால் தெளிவான பெட் பாட்டிலுக்காக அல்ல. அதற்குக் காயலான் கடையிலேயே விலை கிடைக்கிறது. நிறமேறிய பெட் தட்டு, பாலியெஸ்டர் துணி என உருக்கி வார்த்தால் தரம் கெடும் சரக்குக்குத்தான் அது தேவை. கேரி பேக்குக்கு இம்மூன்றில் எதையும் இப்போதைக்கு நம்ப முடியாது.