பதில் முள் இல்லாத டெலிகிராஃப் வேண்டாம்: நீராவிப் படகில் பல பருவங்கள் ஓட்டிய அனுபவம்

சுக்கான் அறையிலிருந்து இன்ஜின் அறைக்கு 'மெதுவாக', 'நிறுத்து' போன்ற கட்டளைகளை டயலிலும் மணியிலும் அனுப்பும் கருவிதான் இன்ஜின் டெலிகிராஃப். பழைய பித்தளை டெலிகிராஃப் ஒன்றைப் படகுக்கு வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "ஜோடியாகக் கிடைக்கிறதா?" என்பதைத்தான். சுக்கான் அறைக்கு ஒன்று, இன்ஜின் அறைக்கு ஒன்று என இரண்டும் சேர்ந்து வரவேண்டும். ஒற்றையாகக் கிடைப்பது எவ்வளவு மலிவாக இருந்தாலும் படகுக்கு வாங்காதீர்கள். அது வரவேற்பறையில் நிற்கத்தான் லாயக்கு.

கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றபின், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் தனியார் ஒருவரின் மர நீராவிப் படகில் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறேன். 50 அடிக்குச் சற்று கூடுதலான நீளம், நடுவில் பாய்லரும் காம்பவுண்டு இன்ஜினும் (ஒரே நீராவியை அடுத்தடுத்த சிலிண்டர்களில் பயன்படுத்தும் வகை), முன்னால் மூடிய சுக்கான் அறை. சுக்கான் பிடிப்பவருக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு ஏரியே தெரியாது. இந்த அமைப்பில்தான் டெலிகிராஃபுக்கு உண்மையான வேலை இருக்கிறது. இதே ஏரியில் ஓடும் சின்னத் திறந்த நீராவிப் படகுகளில் இன்ஜின்காரரும் சுக்கான்காரரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாயால் சொன்னால் போதும். அங்கே டெலிகிராஃப் மாட்டுவது இடத்துக்கும் கேடு, எடைக்கும் கேடு.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பராமரிப்பு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. மேலே, அதாவது சுக்கான் அறையில், கைப்பிடியை நகர்த்தினால் உள்ளே ஒரு பல்சக்கரம் சுழலும். அதில் ஓடும் சங்கிலியின் இரு முனைகளிலும் கம்பி கோத்திருக்கும். அந்தக் கம்பி, மூலைகளில் கப்பி ஏறி இறங்கி, இன்ஜின் அறைச் சங்கிலியோடு சேர்ந்து ஒரு முழு வளையமாகும். அங்கே கட்டளைகள் கட்டம் கட்டமாக எழுதிய டயலில் முள் நகரும், மணி அடிக்கும். இது கட்டளை வளையம். இதோடு தனியாக இன்னொரு வளையம் உண்டு. இன்ஜின்காரர் தன் கைப்பிடியை அதே கட்டத்துக்குக் கொண்டுவந்தால் மேலே பதில் முள் நகரும், அங்கேயும் மணி அடிக்கும். இரண்டு முள்ளும் ஒரே கட்டத்தில் நின்றால்தான் கட்டளை போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

1870-களில் தொடங்கி இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது லிவர்பூலின் சாட்பர்ன் நிறுவனம். அந்தக் குடும்பம் அதற்கு முன் கண்ணாடி வில்லைகளும் அளவைக் கருவிகளும் செய்துவந்தது. டயலின் எழுத்தும் கோடும் அவ்வளவு தெளிவாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைப்பழக்கம் எனக்கு நினைவுக்கு வரும். இன்றும் பெரிய கப்பல்களுக்கான சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிகளில், கட்டளையும் பதிலும் இரு இடத்திலும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று இருக்கிறது. எங்கள் படகுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் அதன் நியாயம் பொருந்தும்.

வாங்கும் இடத்தில் கவனம் தேவை. சந்தையில் மூன்று வகை சுற்றுகிறது. கப்பல் உடைப்புத் தளங்களிலிருந்து, குறிப்பாக நம் குஜராத்தின் அலங் கரையிலிருந்து, கழற்றி வந்தவை ஒரு வகை. பழைய இழுவைப் படகுகள், பயணிகள் படகுகளிலிருந்து எடுத்தவை இன்னொன்று. மூன்றாவது, அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்தவை. இவற்றில் நிறைய ரூர்க்கி, மொராதாபாத் பக்கமிருந்து வருகின்றன. அந்தக் கைவினையைக் குறை சொல்ல மாட்டேன், மேசைமேல் அழகாக இருக்கும். ஆனால் கம்பி இழுக்க அதில் ஒன்றும் கிடையாது. பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சங்கிலிச் சக்கரம், மணிச் சுத்தியலைத் தூக்கும் பல், பதில் முள்ளுக்கென்று தனி அச்சு, இவை மூன்றும் இருந்தால் பேரம் பேசலாம். தகடு மெல்லியதாக இருந்து, தட்டினால் டப்பா ஓசை வந்தால் நகர்ந்துவிடுங்கள். பழையது வார்ப்புப் பித்தளை. டயல் நிற்கும் எங்களுடைய தூணைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

மாட்டும் வேலையில் அதிக நேரம் எடுத்தது கம்பி போகும் வழிதான். சுக்கான் அறைக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவே ஏறக்குறைய 9 மீட்டர். ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும், அதனால் கப்பிகளை எண்ணி எண்ணித்தான் வைக்கவேண்டும். நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் கம்பி ஓடக்கூடாது. திசைகாட்டியும் சுக்கான் அறையில்தான் இருக்கிறது என்பதால் அங்கே கம்பி, கப்பி, போல்ட் எல்லாமே பித்தளையோ வெண்கலமோதான். எஃகுக் கம்பி வலுவானது, மலிவானது, ஆனால் முன்னும் பின்னும் நகரும் எஃகு காந்த ஊசிக்கு ஆகாது. தூணின் அடியிலும் எஃகுத் திருகு போடாதீர்கள். ஈரம் பட்டால் பித்தளையோடு சேர்ந்து அந்தத் திருகுதான் முதலில் அரிபடும், தளத்தின் மரத்தையும் கறையாக்கும்.

இழுவிசையைச் சரிசெய்ய ஒவ்வொரு கம்பியிலும் ஒரு டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும், தளர்த்தும் இணைப்பு) இருக்கிறது. கை எட்டும் இடத்தில் அதை வையுங்கள், பெட்டிப் பலகைக்குப் பின்னால் புதைக்காதீர்கள். படகு கரையில் தாங்கிகள்மேல் இருக்கும்போது கடைசி அளவு வைக்கவே கூடாது. மர உடல் தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் வளைந்து தன் வடிவத்துக்கு வரும். அதற்கு மேல் வெப்பம். பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு விரியும். 9 மீட்டர் கம்பி, வசந்தகாலக் காலையின் 5 டிகிரியிலிருந்து பாய்லர் எரியும் கோடை நாளின் 35 டிகிரிக்குப் போனால் 5 மில்லிமீட்டர் நீளும். மரம் நீளவாக்கில் அந்த அளவு விரியாது. வளையத்தில் கம்பி இரண்டு பக்கமும் ஓடுவதால், இழுவிசை தளர்ந்துவிட்டால் திசை மாற்றும்போது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வெறும் ஓட்டமாகப் போகும். எங்கள் சங்கிலிச் சக்கரத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர், டயலில் ஒரு கட்டத்துக்கு 30 டிகிரி. அதாவது ஒரு கட்டளைக்குச் சங்கிலி நகர்வது 39 மில்லிமீட்டர்தான். அதில் கால் பங்கு தொலைந்தால் முள் 'ஸ்லோ'வுக்கும் (மெதுவாக) 'டெட் ஸ்லோ'வுக்கும் (மிக மெதுவாக) நடுக்கோட்டை நோக்கிச் சாயத் தொடங்கும். மணி அடிக்கும் இடமும் தள்ளிப்போகும்.

அதனால் எங்கள் வழக்கம் இது. நீராவி ஏற்றி, இன்ஜினைச் சூடாக்கி, படகு தண்ணீரில் நிற்கும் நிலையில்தான் டர்ன்பக்கிளைத் தொடுவோம். முதலில் மேலும் கீழும் உள்ள இரு தலைகளையும் (டயல் பெட்டிகளை) 'ஸ்டாப்'பில் நிறுத்தி ஆணியிட்டுப் பூட்டிவிட்டு, நேர் ஓட்டத்தின் நடுவில் விரலால் அழுத்திப் பார்ப்போம். இரண்டு பக்கக் கம்பியும் ஒரே அளவு அமுங்கவேண்டும். ஒன்று விறைப்பாகவும் மற்றது தொய்வாகவும் இருந்தால் முள் நடுக்கோட்டில் நிற்காது. அதிகமாக முறுக்கினாலும் நல்லதல்ல, கைப்பிடி கனக்கும், கப்பி அச்சு சீக்கிரம் தேயும்.

ஓட்டத்தில் இது எப்படி என்றால், எனக்கு இதைவிட நம்பிக்கையான கருவி தெரியாது. இன்ஜின் சத்தத்தில், இரு அறைக்கும் நடுவே குரலைக் கொண்டுபோகும் பேச்சுக்குழாயின் குரல் கரைந்துவிடும், மணி கரையாது. துறையை நெருங்கும்போது 'ஹாஃப்', 'ஸ்லோ', 'ஸ்டாப்', உடனே 'ஸ்லோ ஆஸ்டர்ன்' (மெதுவாகப் பின்னோக்கி) என்று வரும். நான் முதலில் பதில் சொல்லிவிடுவேன், பிறகுதான் நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரில் கை வைப்பேன். நீராவியை மூடி, இன்ஜின் சுழலும் திசையை மாற்றும் ரிவர்சிங் லிங்க்கைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி திறக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடியும் மேலே நிற்பவருக்குப் பதில் முள் மட்டுமே துணை. படகு இன்னும் முன்னே போய்க்கொண்டிருந்தாலும், கீழே ஆள் கேட்டுவிட்டான், வேலை நடக்கிறது என்று அது சொல்லும். பதில் இல்லாத ஒற்றைத் தலையில் அவர் தவிப்பில் மறுபடி மறுபடி கைப்பிடியை ஆட்டுவார், கீழே குழப்பம்தான் மிஞ்சும்.

புறப்படுமுன் எல்லாக் கட்டத்தையும் முன்னும் பின்னும் அடித்துப் பதில் வாங்கிப் பார்க்கிறோம். பெரிய கப்பலில் கற்ற பழக்கம், இங்கேயும் விடவில்லை. சங்கிலி நின்றுபோனால் பேச்சுக்குழாய் மாற்று வழி. அதையும் அதே நேரத்தில் ஊதிப் பார்த்துவிடுவோம்.

பராமரிப்பில் பலரும் பித்தளையைத் துலக்குவதில்தான் உழைக்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. டயல் எழுத்துகள் செதுக்கி மெழுகு நிரப்பியவை என்றால், வாராவாரம் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சில வருடங்களில் மெழுகு கழன்று விளிம்பு மழுங்கும். அமோனியா கலந்த பாலிஷை உள் பாகங்களுக்கு அருகில்கூட விடாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அமோனியா விரிசல் விடவைக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக விரிசல் விட்டுப் பிளந்தது இதனால்தான். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. நம் கம்பியும் சங்கிலி ஆணியும் எப்போதும் இழுவிசையில் இருப்பவை. வெளித்தூணுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். கொஞ்சம் மங்கினால் மங்கட்டும், பழைய பொருளுக்கு அந்த நிறம் அழகுதான்.

உண்மையான உழைப்பு சங்கிலிக்குப் போகவேண்டும். பருவம் முடிந்ததும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பார்க்கிறேன். பச்சைக் களிம்பு பிடித்த கண்ணி மடங்கும் இடத்தில் சிக்கும். அந்தச் சிக்கலை மேலே நிற்பவர், கைப்பிடி ஓரிடத்தில் துள்ளுவதாக உணர்வார். பிறகு மெல்லிய எண்ணெய். கெட்டி கிரீஸ் குளிரில் இறுகி, மணிச் சுத்தியலை மந்தமாக்கிவிடும். குளிர்காலத்துக்குப் படகைக் கட்டும்போது டர்ன்பக்கிளைத் தளர்த்திவிடுவோம், உறைபனியில் கம்பி சுருங்கிக் கப்பியைப் பிடித்து இழுக்காமல் இருக்கும்.

டயலுக்குப் பின்னால் முதலில் எண்ணெய் விளக்கு எரிந்திருக்கிறது, உள்ளே புகைக்கரி படிந்திருந்தது. நாங்கள் மஞ்சள் ஒளி தரும் சின்ன எல்.இ.டி. வைத்திருக்கிறோம். வெப்பம் இல்லாததால் பால் கண்ணாடிக்கு நல்லது. பழமை கெட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கண்ணாடி உடைந்தால் அதே மாதிரி கிடைப்பது கடினம்.

வாங்குமுன் இது ஓடுவதை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். சவுத்தாம்ப்டனில் இருக்கும் 1955-ஆம் வருடத்து ஷீல்ட்ஹால் நீராவிக் கப்பலில் பயணிகளை பிரிட்ஜுக்கும் (கப்பலை ஓட்டும் மேல்தளம்) இன்ஜின் அறைக்கும் விடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளைட் பக்கம் போனால் வேவர்லி துடுப்புச் சக்கரக் கப்பல், 1947-லிருந்து ஓடுகிறது, இன்ஜினைப் பயணிகள் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். நியூசிலாந்தின் வாக்கடிப்பு ஏரியில் 1912-ஆம் வருடத்து ஏர்ன்ஸ்லா இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. இன்ஜின் அறையில் நின்று பார்க்க வாய்ப்பு கிடைத்தால், மணி அடித்ததும் இன்ஜின்காரரின் கை முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். உங்கள் படகில் அந்தக் கைக்கு இடம் இருக்கிறதா, கம்பி நேராக ஓட வழி இருக்கிறதா, இரண்டு வளையத்துக்கும் டர்ன்பக்கிள் எட்டுமா என்று அளந்துகொண்டு, பிறகு ஜோடியைத் தேடத் தொடங்குங்கள்.