நாலு வருஷ ஜெல் பாலிஷ்: பயந்தது விளக்குக்கு, மாட்டியது பசையிடம்

ஜெல் பாலிஷ் போட ஆரம்பித்த புதிதில் என் பயமெல்லாம் பூச்சை இறுக வைக்கும் அந்தக் குட்டி விளக்கின் மேல்தான். எல்இடி என்று எழுதியிருந்தாலும் அதிலிருந்து வருவது பெரும்பாலும் யுவி-ஏ என்ற புற ஊதாக் கதிர்தான்; காயும் நேரம்தான் குறைவு. 2023 ஜனவரியில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு வந்ததும் பயம் இரட்டிப்பானது. இந்த மாதிரி விளக்கை 20 நிமிடம் ஒரே தடவை காட்டியதில் 20 முதல் 30 சதவீத செல்கள் செத்தன; மூன்று நாள் தொடர்ந்து தினம் 20 நிமிடம் காட்டியதில் 65 முதல் 70 சதவீதம். ஆனால் அவை தட்டில் வளர்த்த செல்கள். நம் கைக்கு மேல்தோல் என்றொரு போர்வை இருக்கிறது, விளக்கடியில் கை இருப்பதும் சில நிமிடம்தான். அதனால் நிறுத்தவில்லை. 20 நிமிடம் முன்பே கையில் சன்ஸ்கிரீன், விரல் நுனி வெட்டிய கையுறை. சன்ஸ்கிரீன் மேல் இருக்கும் எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யுவி-பி என்ற வேறு வகைக் கதிரைத்தான் சொல்லும். யுவி-ஏவையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருந்தால்தான் இங்கே பிரயோஜனம். நகத்தின் மேல் சன்ஸ்கிரீன் பட்டால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜெல் ஒட்டாமல் ஓரத்தில் எழும்பும்.

மூன்றாம் வருஷம் சொந்தமாக ஒரு செட் வாங்கினேன். வினை அங்கேதான். நகக்கண் ஓரத்தில் வழிந்ததை விரலாலேயே துடைப்பேன். விளக்கு வேறு ஒரு பிராண்ட், பாலிஷ் வேறு. மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் முழுசாக இறுகியிருக்காது. நாலைந்து மாதத்தில் விரல் நுனியில் அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். அடுத்து கண் இமை வீங்கியது. கண் மையைத் தூக்கி எறிந்தேன், பாவம் அது.

தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் என்ற ஒவ்வாமைச் சோதனை ஒட்டிப் பார்த்ததில், ஜெல்லில் இருக்கும் ஹெமா (HEMA) என்ற மெத்தாக்ரிலேட் வேதிப்பொருள் மாட்டியது. இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. பதிந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா கலந்த நகப்பூச்சு தொழில்முறையில் போடுபவர்களுக்கு மட்டும் என்று இருப்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டார்கள். 'ஹெமா இல்லை' என்று எழுதிய பாட்டிலிலும் அதே குடும்பத்து வேறு அக்ரிலேட் இருக்கும், அதை நம்பி நான் ஒரு தடவை மறுபடி சொறிந்துகொண்டேன்.

உரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டிவி பார்த்துக்கொண்டே ஜெல்லைப் பிய்த்தெடுக்கும் சுகம் எனக்கும் தெரியும். கூடவே நகத்தின் மேலடுக்கும் வந்துவிடும். அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் மட்டும் வைத்து, சுற்றிலும் வாஸலின் தடவி, 10-15 நிமிடம் பொறுத்தால் தானாக இளகும். நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். நான் கெடுத்த கட்டைவிரல் நகம் பழையபடி ஆவதற்கு ஆறு மாதம் ஆனது.

இப்போது சாதாரண நகப்பூச்சுதான், மூன்றாம் நாளே ஓரம் உதிர்கிறது. போன மாதம் பல் அடைக்கப் போனபோது, உட்கார்ந்ததும் முதலில் என் ஒவ்வாமையைத்தான் சொன்னேன். பல்லை அடைக்கும் அந்தப் பசையும் இதே குடும்பமாம். மருத்துவர் உடனே கையுறையை மாட்டிக்கொண்டு, எந்தப் பொருள் போடலாம் என்று டப்பாக்களைப் புரட்ட ஆரம்பித்தார்.