கழுதைப்பால் பண்ணை, 'பை-பேக்' ஒப்பந்தம்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"பத்துக் கழுதை, தலைக்கு ஒரு லிட்டர், லிட்டர் 1,500 ரூபாய், மாதம் நாலரை லட்சம்." இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, கறக்கும் பாலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் ('பை-பேக்') என்று சொல்லித்தான் தமிழ்நாட்டிலும் ஆந்திரா, தெலங்கானா பக்கமும் பல விவசாயிகளிடம் லட்சக்கணக்கில் பணம் வாங்கியிருக்கிறார்கள். பெருக்கலில் தப்பில்லை. அந்தப் 'பத்து'ம் 'ஒரு லிட்டர்' என்பதும்தான் பொய்.

கம்பெனிப் பெயர் மாறும், ஆட்கள் மாறுவார்கள், நடப்பது மட்டும் மாறாது. முதலில் உறுப்பினர் கட்டணம். அடுத்து, கழுதையை அவர்களிடமேதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. விலையோ சந்தையில் போவதைவிடப் பல மடங்கு. முதல் இரண்டு மூன்று மாதம் பாலை எடுத்துக்கொண்டு பணத்தை ஒழுங்காகப் போடுவார்கள். அந்தப் பணம் உங்களுக்காக அல்ல, அடுத்து வருகிறவருக்குக் காட்டும் வீடியோவுக்காக. பிறகு பவுடர் மெஷின் ரிப்பேர், ஏற்றுமதி ஆர்டர் தாமதம், பாலில் தரம் இல்லை என்று வரிசையாகக் காரணம் வரும். காசோலை வரும், அது திரும்பும், ஆபீஸ் பூட்டியிருக்கும். பண்ணைக்காரர் கையில் மிஞ்சுவது ஃப்ரீசர் நிறைய பால், கடனில் போட்ட கொட்டகை, தினமும் தீனி கேட்கும் பத்து வாய்.

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே திட்டம்தான், இந்த முறை நாலு கால். ஆனால் கழுதையின் உடல்கூறு தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிட முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கழுதைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம், சில சமயம் அதற்கும் மேல். ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி. குட்டி பிறந்த முதல் மாதம் கறக்கக் கூடாது. குதிரையைப் போலவே கழுதைக்குட்டிக்கும் வயிற்றிலிருக்கும்போது தாயின் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேராது. பிறந்து முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாமே. அதன் பிறகும் குட்டி தேறும் வரை பால் அதற்குத்தான். இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை, அதாவது சுமார் ஐந்து மாதம் கறவை. ஈன்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும். ஆனால் எல்லாம் அப்போதே சினை பிடிப்பதில்லை. நடைமுறையில் ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் 15, 16 மாதம் ஆகிவிடும். பதினைந்து மாதத்தில் ஐந்து மாதக் கறவை என்றால் பத்துக் கழுதையில் எந்த நாளிலும் கறவையில் இருப்பது மூன்று.

அந்த மூன்றும் எவ்வளவு கறக்கும்? கழுதைக்குக் காம்பு இரண்டுதான், மடி மிகச் சிறியது. மாட்டு மடியில் பால் சேர்ந்து நிற்கிற மாதிரி இதில் நிற்காது. பெரும்பாலான பால் சுரப்பித் திசுவுக்குள்ளேயே இருக்கும், குட்டி பக்கத்தில் நின்றால்தான் இறங்கும். குட்டியை மூன்று மணி நேரம் பிரித்து வைத்துக் கறப்பதுதான் சரியான முறை. ராத்திரி முழுக்கப் பிரித்து வைத்தாலும் அதற்கேற்பப் பால் கூடாது. மடி நிறைந்துவிட்டால் சுரப்பு தானாகக் குறையும். குட்டி செத்தால் பெரும்பாலும் கறவையும் முடிந்தது. ஐரோப்பாவின் பெரிய இனங்களில் கூடுதலாகக் கறப்பது உண்டு. நம் ஊர்ச் சிறிய கழுதையில் குட்டிக்கு விட்டது போக நாளைக்கு 200 முதல் 400 மில்லி கிடைத்தால் நல்ல கறவை. சராசரி 300 என்றே வையுங்கள்: மூன்று கழுதைக்கு 900 மில்லி.

பத்துக் கழுதைக்கு நாளைக்குப் பத்து லிட்டர் அல்ல, ஒரு லிட்டருக்கும் குறைவு. மாதம் 27 லிட்டர். அவர்கள் சொல்லும் 1,500 ரூபாய் விலையே கிடைத்தாலும் 40,500 ரூபாய். தீனி, ஆள் கூலி, மருத்துவம், வட்டி எல்லாம் இதற்குள்தான். சினைக் கழுதையாக வாங்கினால் முதல் துளிக்கே ஆறேழு மாதம் ஆகலாம். கடன் தவணை அதுவரை காத்திருக்காது.

விலைக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். தெருவில் கழுதையை ஓட்டிவந்து, வீட்டு வாசலில் கறந்து, ஒரு சங்கு 50 ரூபாய், 100 ரூபாய் என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்குக்குப் பத்து மில்லி என்று வைத்து நூறால் பெருக்கி 'லிட்டர் 5,000 ரூபாய்' என்கிறார்கள். பத்து மில்லி வாங்குகிற தாய் ஒரு லிட்டர் வாங்குவாளா? (காய்ச்சாத பாலைப் பச்சிளம் குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதைக் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் காமாலைக்கும் சளிக்கும் அது மருந்தல்ல.)

கழுதைப்பாலுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. கேசின் என்ற புரதம் குறைவு, கிருமியை எதிர்க்கும் லைசோசைம் அதிகம், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து இத்தாலியில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அழகுப் பொருளுக்கும் வாங்குகிறார்கள். ஆனால் சந்தை சின்னது. பத்து லிட்டர் பாலை உலர்த்தினால் ஒரு கிலோ பவுடர்கூட முழுசாகத் தேறாது, ஏனென்றால் அதில் நீர் போக இருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். 'பவுடர் கிலோ லட்ச ரூபாய்' என்று சொல்கிறவரிடம் யார் வாங்குகிறார்கள், பில் எங்கே என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி விலங்கு வாங்குவதில் நடக்கும் ஏமாற்று. வெள்ளையாக இருப்பதையெல்லாம் 'ஹலாரி' என்று விற்கிறார்கள். ஹலாரி என்பது குஜராத்தின் ஜாம்நகர், துவாரகா பக்கத்து இனம். வெள்ளை நிறம், தோள் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதே மாநிலத்தின் கச்சி இனம் பெரும்பாலும் சாம்பல் நிறம், அதைவிடக் குட்டை. உயரத்தை டேப் வைத்து அளக்காமல் ஹலாரி விலை கொடுக்காதீர்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க இருந்த கழுதைகளே சுமார் 1.2 லட்சம்தான், 2012-ஐவிட 61 சதவீதம் குறைவு. அதிலும் ஹலாரி சொற்பம். வாரா வாரம் லாரி லாரியாக ஹலாரி இறக்குகிறோம் என்று ஒருவர் சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

வயதைப் பல்லில் பாருங்கள். நடுப் பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும்; கழுதையில் இது சில மாதம் பிந்தலாம். ஓரப் பல்லும் முளைத்துத் தேய்ந்திருக்கும் பெட்டையை 'நாலு வயசு' என்பார்கள். பக்கவாட்டில் உதட்டை விலக்கிப் பாருங்கள்: இளசுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் சந்திக்கும், கிழடுக்கு இரண்டும் முன்னால் துருத்தி நிற்கும். பத்து வயதுக்கு மேல் பல்லை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்த வயதில் வாங்காமலிருப்பதே நல்லது.

சினை என்று சொல்லி விற்பதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். நார்த்தீனி தின்று புழு நிறைந்த வயிறும் சினை மாதிரியே தொங்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கேன் படம் எந்தக் கழுதையுடையது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் கால்நடை மருத்துவர், உங்கள் கண் முன்னால், நீங்கள் வாங்கப்போகிற பெட்டையையே ஸ்கேன் செய்ய வேண்டும். கறவைக் கழுதை என்றால் குட்டியை மூன்று மணி நேரம் நீங்களே நின்று பிரித்து வைத்து, கறந்து, அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். ஊசி போட்டுக் கறந்து காட்டுவார்கள், விடாதீர்கள். பாலை இறக்கும் ஆக்சிடோசின் ஊசியில் இறங்கிய பால் மறுநாள் உங்கள் கொட்டகையில் இறங்காது. குட்டி அதனுடையதுதானா என்பதற்கு அவிழ்த்துவிட்டுப் பார்த்தால் போதும். பிறத்தியார் குட்டியைப் பெரும்பாலும் உதைத்து விரட்டும்.

கழுதைப்பால் தண்ணியாக, லேசான நீல வெள்ளையில், இனிப்பாக இருக்கும். கொழுப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. காய்ச்சினால் கெட்டி ஆடை படியாது. மாதிரி என்று காட்டும் பாலில் ஏடு கட்டினால் அதில் ஆட்டுப்பாலோ பசும்பாலோ கலந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வெளிமாநிலக் கழுதையை இறக்காதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி அந்த விலங்கைக் கருணைக்கொலை செய்வார்கள், சுற்றுவட்டாரத்தில் குதிரை, கழுதை நடமாட்டத்துக்கும் தடை வரும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் ஆகியவற்றின் முடிவு மட்டுமே செல்லும். புரோக்கர் நீட்டும் 'ஹெல்த் சர்டிபிகேட்' ஜெராக்ஸ் செல்லாது.

இறக்கிய முதல் வாரத்தில் சாகும் கழுதைகளுக்குக் 'காலநிலை ஒத்துக்கலை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. நெடும் பயணத்தில் தீனி தண்ணீர் இல்லாமல் வந்த கழுதை, அதுவும் சினையாகவோ கறவையாகவோ இருந்தால், உடம்புக் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். அந்தக் கொழுப்பு கல்லீரலைக் கெடுக்கும். ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே தெளியும் நீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கழுதை வலியைக் காட்டிக்கொள்ளாது; புரளாது, கத்தாது, தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஒருநாள் முழுக்கத் தின்னாவிட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பால் கூடட்டும் என்று மாட்டுத்தீவனத்தை அள்ளிக் கொட்டச் சொல்லும் 'டிரெய்னர்'களை நம்பாதீர்கள். கழுதை வறண்ட நிலத்து விலங்கு. நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீத அளவு உலர்தீனி போதும், கறவைக்குக் கொஞ்சம் கூடுதல். சத்துத் தீவனம் மிதமிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டும். கோழித்தீவனம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அதில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் என்ற மருந்துகள் கழுதைக்கும் குதிரைக்கும் உயிர்க்கொல்லி.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் சேர்க்கப்பட்டது உண்மை. 50 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 50 லட்சம். ஆனால் அது இணையதளத்தில் விண்ணப்பித்து, மாநில அமைப்பு பரிந்துரைத்து, வங்கிக் கடன் விடுவிக்கப்பட்ட பிறகு இரண்டு தவணையாக வருவது. முன்பணம் கட்டினால் மானியம் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று சொல்ல எந்தத் தனியார் கம்பெனிக்கும் அதிகாரம் கிடையாது. மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள். கம்பெனி காட்டும் உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண். இணையத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவுச் சான்றும் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை.

ஒப்பந்தத்தில் 'எங்கள் தரச் சோதனையில் தேறும் பாலை மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். எந்த அளவு தேறும், யார் சோதிப்பார், மறுசோதனை உண்டா என்று எழுதாத அந்த ஒரு வரி போதும், ஒரு சொட்டுகூட வாங்காமல் தப்பிக்க.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: காசோலையை 'அடுத்த மாதம் போடுங்க' என்று இழுத்தடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் அது செல்லாது. அதற்குள் வங்கியில் போடுங்கள். திரும்பினால் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்கு. இதில் எந்தக் கெடுவைத் தவறவிட்டாலும் காசோலை வழக்கு நிற்காமலே போகலாம். தமிழ்நாட்டில் பலர் சேர்ந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ பொருளாதாரக் குற்றப் பிரிவிலோ புகார் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் 'வியாபார நஷ்டம், சிவில் கேஸ்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம், வருமானக் கணக்குப் போட்டுக் காட்டிய அந்தத் தாள், வாட்ஸ்அப் குரல் பதிவுகள், செத்த கழுதைகளுக்குக் கால்நடை மருத்துவர் கொடுத்த பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் சேர்த்துக் கொண்டுபோங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள். பேக்அப் எடுத்துவிட்டுப் பிறகு சண்டை போடலாம்.