விடுமுறைக் கடிதமும் பிழை திருத்தும் செயலியும்

பெரம்பூரில் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். செல்போனில் இலக்கணப் பிழை திருத்தும் செயலி ஒன்று நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. அது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை 'விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்று தோழிக்குக் கடிதம் எழுதுக' என்ற வழக்கமான கேள்வியே காட்டிவிடும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது: "வீ ஹேட் கான் டு ஊட்டி இன் மே. வீ ரீச்ட் டு மேட்டுப்பாளையம் இன் மார்னிங். தி டிரெயின் இஸ் ரன்னிங் டு ஊட்டி சின்ஸ் 1908."

'ரீச்ட்' என்பதற்குப் பின்னால் வந்த 'டு'வைச் செயலி உடனே அடித்தது. 'மார்னிங்' முன்னால் 'தி' போட்டது. 'சின்ஸ் 1908' இருப்பதைக் கண்டு 'இஸ் ரன்னிங்' என்பதை 'ஹாஸ் பீன் ரன்னிங்' ஆக்கியது. மூன்றும் சரியான திருத்தங்கள். நம் பிள்ளைகள் ஓயாமல் தடுமாறும் இடங்களும் இவைதான். இந்த வேலைக்குச் செயலியை நான் தயங்காமல் நம்புகிறேன்.

ஆனால் 'ஹேட் கான்' அப்படியே நின்றது. 'ஊட்டிக்குப் போயிருந்தோம்' என்று வீட்டில் சொல்வதையே அவள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். நடந்துமுடிந்த ஒன்றுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லத்தான் 'ஹேட் கான்' போன்ற பாஸ்ட் பெர்ஃபெக்ட் வடிவம் வேண்டும். நாங்கள் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது என்றால் ரயிலுக்கு 'ஹேட் லெஃப்ட்' பொருந்தும். பயணக் கதையைத் தொடங்கும் முதல் வரிக்கு 'வென்ட்' போதும். வாக்கியத்தைத் தனியே பிரித்துப் பார்த்தால் இலக்கணம் கெடவில்லை, 'சின்ஸ்' போலக் காட்டிக்கொடுக்கும் சொல்லும் இல்லை. அதனால் செயலி கடந்துபோய்விடுகிறது. முழுக் கடிதத்தையும் படிக்கிற ஆள்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, வாக்கியத்தை மெருகேற்றித் தரும் வசதியின் மேல்தான். சுரங்கம் வரும்போதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று அந்தப் பெண் எளிய ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தாள். செயலி அதை அலுவலக அறிக்கைபோல் மாற்றிவைத்தது. அம்மாவின் கை காணாமல் போயிற்று. குழந்தை எழுதிய கடிதத்தில் குழந்தையின் குரல் இருக்கத்தானே வேண்டும்!

பிழைக்கு அடிக்கோடு இடும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு, மெருகேற்றுவதை நிறுத்திவிடுங்கள். அடிக்கோட்டைப் பிள்ளையிடம் காட்டி, காரணத்தைச் சொல்லவைத்த பிறகே திருத்தத்தை ஏற்கச் சொல்லுங்கள். இதற்கு இலவசப் பதிப்பே போதும். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சந்தா கட்ட வேண்டியதில்லை.