மூன்று ‘சேஞ்சஸ்’: நான் ஏன் சப்பாத் பக்கம்

வீட்டுக் கீபோர்டில் ஒரு ராக் பாட்டையாவது முழுசாக வாசித்துப் பாட வேண்டும் என்று இறங்கினேன். ‘சேஞ்சஸ்’ என்று தேடினால் மூன்று பாட்டுகள் வந்து நின்றன: பாடகர் டேவிட் போவியுடையது (1971), பிளாக் சப்பாத் குழுவுடையது (1972), யெஸ் குழுவுடையது (1983). தலைப்புதான் ஒன்று, மற்றபடி சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. நான் எடுத்தது சப்பாத்தை. பாரபட்சம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

யெஸ்ஸை முதலில் அனுப்பிவிடலாம். ‘90125’ ஆல்பத்தில் இருக்கிறது. உறவு கசந்துபோனவன் தனக்குள் நடக்கும் மாற்றத்தைச் சொல்கிற பாட்டு. ஆரம்ப இசையின் தாளக் கணக்கு எண்ணினாலும் கைக்கு அடங்காது. வாசித்துப் பார்த்ததில்லை, கேட்டதோடு சரி. அதனால் இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போவியின் பாட்டு மூன்றில் கெட்டிக்காரப் பாட்டு, சந்தேகமே வேண்டாம். 24 வயதுப் பையன் ‘நான் ஒரே ஆளாக இருக்க மாட்டேன்’ என்று அறிவிக்கிறான். போகிற போக்கில், இளசுகளை மட்டம் தட்டும் பெரியவர்களுக்கும் ஒரு குட்டு. அடுத்த ஆண்டே ஜிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனை ராக் நட்சத்திர வேஷம் கட்டிச் சொன்னதைச் செய்தும் காட்டினார். லண்டன் ட்ரைடன்ட் ஸ்டுடியோவில், பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ பதிவான அதே பெக்ஸ்டைன் பியானோவில் ரிக் வேக்மன் வாசித்தார். (அவர் அதே 1971இல் யெஸ்ஸில் சேர்ந்தார். ஆனால் யெஸ்ஸின் ‘சேஞ்சஸ்’ வந்தபோது அந்தக் குழுவில் இல்லை!) கடைசியில் வரும் சாக்ஸபோன் போவியே ஊதியது.

சப்பாத்தின் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ‘வால்யூம் 4’ ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கிடந்த பியானோவில் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி தானாகத் தட்டிப் பழகி இந்த மெட்டைப் பிடித்தார். டிரம்மர் பில் வார்டுக்கு அப்போது முதல் திருமணம் உடைந்துகொண்டிருந்தது. அதை வைத்து பேஸ் கிட்டாரிஸ்ட் கீசர் பட்லர் வரி எழுத, குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பாடினார். சப்பாத் பாட்டு, ஆனால் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. யாருடைய சோகமோ அந்த டிரம்மருக்கே இதில் வேலை இல்லை. பியானோவும், பின்னால் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு)தான் பாட்டைத் தாங்குகின்றன. ஒரே மெட்டுத் துண்டு திரும்பத் திரும்பச் சுற்றி வரும். வரிகளும் எளிமை, கொஞ்சம் அசட்டுத்தனம் என்றுகூடச் சொல்லலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ரீசேல். பழைய புல்லட் மாதிரி, கை மாற மாற இந்தப் பாட்டுக்கு மதிப்பு ஏறுகிறது. 2003இல் ஆஸியும் மகள் கெல்லியும் வரிகளை மாற்றிப் பாடினார்கள். விவாகரத்துப் பாட்டு அப்பா-மகள் பாட்டாகி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிறகு சார்ல்ஸ் பிராட்லி. 62 வயதில் முதல் ஆல்பம் வெளியிட்ட சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகை) பாடகர். அவர் பாடும்போது அது இறந்துபோன தாய்க்கான பாட்டு. அந்தக் குரல் உடைகிற இடத்தில் பில் வார்டின் ஞாபகமே வராது. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க், சப்பாத்தின் கடைசிக் கச்சேரி. பிரிட்டிஷ் பாடகர் யங்பிளட் இதைப் பாடி, இரண்டு நாள் முன்பு விபத்தில் இறந்த கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவுக்குச் சமர்ப்பித்தார். அன்று கீபோர்டில் இருந்தவர் ஆடம் வேக்மன், ரிக் வேக்மனின் மகன். அதே மாதம் 22ஆம் தேதி ஆஸியும் போய்விட்டார். இப்போது கேட்கிறவர்களுக்கு அது ஆஸிக்கான பாட்டு.

போவியின் பாட்டை இப்படிக் கைமாற்ற முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். 2006 நவம்பரில் நியூயார்க்கில் பாடகி அலிஷியா கீஸோடு அவர் பாடியது இதைத்தான், அதன் பிறகு மேடையில் அவர் பாடவில்லை. கூட யார் நின்றாலும் அது போவியின் சுயசரிதை. நான் பாடினால் மிமிக்ரி ஆகிவிடும். நல்ல குரல்வளம் உள்ளவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

விரல் பழகியவர், கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றங்களை ரசிப்பவர் என்றால் போவியை எடுங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். வரும் ஞாயிற்றுக்கிழமையே நாலு பேர் முன்னால் பாடியாக வேண்டும் என்றால் சப்பாத். பியானோ பகுதி ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும், ஆஸியின் மேல் ஸ்தாயி எட்டாவிட்டால் இரண்டு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.