ஃப்ரீரேடியஸ்: உள்ளே விடுவது சுலபம், கணக்கு வைப்பதில்தான் வேலை

பினாங்கில் ஹோட்டல், மாணவர் விடுதி, பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பு என்று எங்கே வைஃபை போட்டாலும் நிர்வாகம் கேட்பது இரண்டே கேள்வி. யாரை உள்ளே விடுவது? யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள்? இரண்டுக்கும் பல ஆண்டுகளாக ஃப்ரீரேடியஸைத்தான் ஓட்டி வருகிறோம். ரேடியஸ் என்ற நெறிமுறையில் லாகினைச் சரிபார்த்து, பயன்பாட்டுக் கணக்கும் வைக்கும் சர்வர் இது; 1999இல் தொடங்கிய திறமூல மென்பொருள். முதல் கேள்விக்கு அது தரும் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவதுக்கு, நிறுவியதும் இருக்கும் அமைப்பை நம்பி விட்டுவிடக் கூடாது. ரேடியஸ் தானாகப் படுப்பது அபூர்வம். பின்னால் இருக்கும் டேட்டாபேஸ்தான் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

லாகின் கோரிக்கை சர்வரின் 1812ஆம் போர்ட்டிலும் பயன்பாட்டுக் கணக்கு 1813லும் வருகின்றன. பழைய கருவிகள் சில 1645, 1646 என்று அனுப்பும், முதலில் அதைப் பாருங்கள். லாகின் ஓடவில்லை என்றால் லாக் ஃபைலைத் துழாவ வேண்டாம். சர்விஸை நிறுத்திவிட்டு, கட்டளையோடு பெரிய எழுத்து எக்ஸ் (-X) போட்டு டீபக் முறையில் ஓட்டினால் ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த மாட்யூலில் என்ன பதில் வாங்கியது என்று வரிசையாகத் திரையில் வந்துவிடும். இந்த மென்பொருளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிளையன்ட் (சர்வரிடம் கோரிக்கை அனுப்பும் கருவி) தெரியாது என்று வந்தால், வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டின் ஐபி சர்வரின் பட்டியலில் இல்லை என்று பொருள். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் கருவியிலும் சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டிய ஷேர்டு சீக்ரெட் என்ற ரகசியச் சொல் பொருந்தவில்லை.

பாஸ்வேர்டை எப்படிச் சேமிப்பது என்பதை நெறிமுறையைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். போனில் பீப் எம்எஸ்சாப் (PEAP-MSCHAP) என்ற லாகின் முறை என்றால் பாஸ்வேர்டு அப்படியே இருக்க வேண்டும், அல்லது விண்டோஸ் பாணி என்டி ஹாஷாக இருக்க வேண்டும். திரும்ப அவிழ்க்க முடியாத பிகிரிப்ட் (bcrypt) ஹாஷில் வைத்துக்கொண்டு பீப் ஓடவில்லையே என்று தேடினால் விடை கிடைக்காது. அதற்கு டிடிஎல்எஸ் (TTLS) என்ற மறையாக்கக் குழாய்க்குள் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் பேப் (PAP) முறைதான் வழி. சர்வர் தான் யார் என்று போனுக்குக் காட்டும் சான்றிதழ் விஷயமும் முக்கியம். கூடவே வரும் ஸ்கிரிப்டை மாற்றாமல் ஓட்டினால் 60 நாளில் காலாவதியாகும் சோதனைச் சான்றிதழ்தான் கிடைக்கும். இரண்டு மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரே காலையில் அத்தனை போனும் இணைய மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இனி கணக்கு. ஒவ்வொரு செஷனுக்கும் (ஒருவர் இணைவதிலிருந்து விலகும்வரை) தொடக்கம், இடைநிலை, முடிவு என்று மூன்று வகைப் பாக்கெட் வரும். பதிவு செய்த பிறகுதான் சர்வர் பதில் அனுப்ப வேண்டும் என்பது நெறிமுறை. பின்னால் இருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் மெதுவானால் பதிலும் தாமதமாகும், ரவுட்டர் அதே பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும், கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்கள் எல்லாம் டேட்டாபேஸுக்காகக் காத்து நிற்கும். லாகினுக்கும் அதே த்ரெட்கள்தான் என்பதால் அதுவும் நின்றுவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு 'வைஃபை போச்சு'. உண்மையில் போனது ஒரு டேபிள்.

பினாங்கில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் மாலை இடி மழையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலே இதைப் பார்க்கலாம். எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் ஒன்றாக எழுந்து, 1,200 போன்கள் ஒரே நேரத்தில் லாகின் கேட்கும். பீப்பில் ஒரு போனுக்கே பல சுற்றுப் பாக்கெட் பரிமாற்றம். த்ரெட் எண்ணிக்கையின் இயல்பு மேல்வரம்பு 32. அதை மட்டும் ஏற்றினால் நெரிசல் டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சரியான தீர்வு, கணக்கை லாகினிலிருந்து பிரிப்பது. கணக்குப் பாக்கெட்டை முதலில் டீடெயில் என்ற சாதாரண ஃபைலில் எழுதி உடனே பதில் அனுப்பிவிட வேண்டும். கூடவே வரும் பஃபர்ட் எஸ்க்யூஎல் என்ற மாதிரி அமைப்பு அந்த ஃபைலைத் தன் வேகத்தில் படித்து டேபிளில் போடும். டேட்டாபேஸ் அரை மணி நேரம் படுத்தாலும் கணக்கு தொலையாது. விலை ஒன்று உண்டு: டேபிளில் தெரிவது சற்றுப் பழைய நிலவரமாக இருக்கும்.

இடைநிலைப் பதிவை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது? தரநிலைப்படி 60 நொடிக்குக் கீழே போகக் கூடாது. 600 நொடிக்குக் குறையாமல் வைப்பது நல்லது என்கிறது. 1,200 பேருக்கு 60 நொடி என்றால் டேபிளில் நொடிக்கு 20 பதிவு. 600 என்றால் 2. பத்து நிமிடமே போதும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அறவே விட்டுவிடாதீர்கள். கரண்ட் போனால் முடிவுப் பாக்கெட் வராது, அதுவரை ஓடிய கணக்கு முழுவதும் போய்விடும்.

முடிவு வராத செஷன்தான் அடுத்த தலைவலி. ஒருவருக்கு ஒரே இணைப்பு என்று வரம்பு வைத்திருந்தால், டேபிளில் முடிவு நேரம் காலியாகக் கிடக்கும் பழைய வரி அவரைத் திரும்ப உள்ளே விடாது. ரவுட்டர் எழுந்ததும் 'அக்கவுண்டிங் ஆன்' அனுப்பினால் சர்வரே அந்த ரவுட்டரின் பழைய வரிகளை மூடிவிடும். எல்லாக் கருவியும் அனுப்புவதில்லை. அதனால் கடைசி இடைநிலைப் பதிவுக்குப் பிறகு 30 நிமிடம் சத்தமே இல்லாத வரிகளை, அந்தக் கடைசி நேரத்தையே முடிவாகப் போட்டு மூடும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) வையுங்கள். இப்போதைய நேரத்தைப் போட்டால் வாடிக்கையாளர் பயன்படுத்தாத மணிக்கணக்கு அவர் தலையில் விழும்.

கடிகார பேட்டரி இல்லாத ரவுட்டர்கள் நெட்வொர்க் வழியே நேரம் தரும் என்டிபி கிடைக்கும்வரை 1970 என்று நினைத்துக்கொண்டிருக்கும். பாக்கெட்டில் நேர முத்திரை இருந்தால் சர்வர் அதையே எடுத்துக்கொள்வதால் 1970இல் தொடங்கிய செஷன்கள் டேபிளில் விழும். என்டிபி சர்வரை உள் நெட்வொர்க்கிலேயே வையுங்கள்.

டேட்டா அளவில் இரண்டு பொறி. இன்புட் என்பது ரவுட்டருக்குள் வந்தது, அதாவது வாடிக்கையாளரின் அப்லோட். அவுட்புட்தான் டவுன்லோட். இரண்டாவது, பைட்டுகளை எண்ணும் இந்த எண்ணி 32 பிட். 500 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏறத்தாழ 69 நொடியில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை சுற்றியது என்பது கிகாவேர்ட்ஸ் என்ற தனிப் புலத்தில் வரும். ஃப்ரீரேடியஸ் இரண்டையும் சேர்த்தே டேபிளில் போடுகிறது. கிகாவேர்ட்ஸ் அனுப்பாத பழைய ரவுட்டரை வைத்து ஜிபி கணக்கில் பணம் வாங்குவது நியாயமில்லை. வரம்பு தீர்ந்ததும் துண்டிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: வரம்பைச் சரிபார்க்கும் எஸ்க்யூஎல் கவுன்ட்டர் மாட்யூல் லாகின் நேரத்தில் மட்டுமே பார்க்கும். நடுவில் துண்டிக்க ரவுட்டரின் 3799ஆம் போர்ட்டுக்குத் துண்டிப்புக் கோரிக்கை அனுப்ப வேண்டும்.

2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட் ரேடியஸ் குறைபாட்டுக்குப் பிறகு 3.2.5க்குக் கீழான 3.2 வரிசைப் பதிப்பை ஓட்டாதீர்கள். கருவி ஒத்துழைத்தால் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் பாக்கெட் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் மெசேஜ் ஆத்தென்டிகேட்டரைக் கட்டாயமாக்குங்கள். பீப், டிடிஎல்எஸ் போன்ற ஈஏபி லாகின்களை இந்தக் குறைபாடு பாதிக்காது. ஈஏபி இல்லாமல் நேரடியாக யூடிபி பாக்கெட்டில் ஓடும் பேப், சாப் லாகின்களுக்குத்தான் ஆபத்து.

லாகின் முயற்சிகளைப் பதியும் போஸ்ட் ஆத் டேபிளின் இயல்பான வினவல், பேப் வழியே வரும் பாஸ்வேர்டை அப்படியே எழுதிவைக்கும். தவறாகத் தட்டிய பாஸ்வேர்டும் அதில் இருக்கும். அது பலருக்கு வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கும் அதே பாஸ்வேர்டு. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்த வினவலில் பாஸ்வேர்டு இடத்தில் வெற்று மதிப்பைப் போட்டு, பழைய வரிகளையும் அவற்றின் பேக்கப்பையும் அழித்துவிடுங்கள்.