பறிபோன தாயத்து யாருடையது? சால்மர்ஸ், சேர்ல், லெசிக்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்துப் படிக்க ஒரு நூலைத் தேடிக்கொண்டிருக்கிறது. பொருள் முடிவாகிவிட்டது: கணினிக்குள் உருவாக்கப்படும் மெய்நிகர் உலகங்களும் அவற்றை ஆள்பவர்களும். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் விளையாட்டுக் கணக்கில் வாளும் கவசமும் சேர்க்கிறார்கள். இல்லாத பொருளுக்கு எதற்குக் காசு என்று பெற்றோர் சத்தம் போடுகிறார்கள். போட்டியில் நிற்பவர்கள் மூவர்: டேவிட் சால்மர்ஸ், ஜான் சேர்ல், லாரன்ஸ் லெசிக். மூன்றாமவர் தத்துவவாதி அல்லர், சட்டப் பேராசிரியர். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மூவரையும் உரசிப் பார்க்க ஒரு வழக்கு இருக்கிறது. 2007-இல் நெதர்லாந்தில் இரு பையன்கள் 13 வயதுச் சிறுவனை அடித்து மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' என்ற இணைய விளையாட்டில் அவனிடமிருந்த தாயத்தையும் முகமூடியையும் தங்கள் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அவை பொருளே அல்ல, வெறும் தரவு என்பது பையன்கள் தரப்பு வாதம். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருட்டு என்றே உறுதிசெய்தது. அவற்றைச் சேர்க்கச் சிறுவன் நேரமும் உழைப்பும் செலவிட்டிருக்கிறான். அவை அவன் கைவசம் இருந்தன, பிறகு இல்லை.

சால்மர்ஸ் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவார். 2022-இல் வந்த 'ரியாலிட்டி பிளஸ்' நூலில் அவர் சொல்வதும் அதுதான்: மெய்நிகர் பொருள் மாயை அல்ல, கணினிக்குள் இருக்கும் தரவுக் கட்டமைப்பு, விளைவுகளை உண்டாக்குகிறது, ஆகவே உண்மையானது. அவர் மொழிக்கு வரும் இடம் இன்னும் சுவையானது. மெய்நிகர் புலி புலி அல்ல. ஆனால் மெய்நிகர் கால்குலேட்டர் கால்குலேட்டர்தான். சில சொற்கள் திரைக்குள் அப்படியே செல்லுபடியாகின்றன, சில ஆவதில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது திரையில் நடந்த வகுப்பை வகுப்பு என்று ஒப்புக்கொண்டோம்; திரையில் பார்த்த தேரோட்டத்தைத் தேரோட்டம் என்று ஒப்புக்கொள்ள நம் பாட்டிகள் மறுத்தார்கள். ஏன் என்று யோசிக்கச் சால்மர்ஸ் நல்ல கருவி தருகிறார். ஆளுகைக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்தான். ஆனால் தாயத்து உண்மையானது என்று நிறுவியவரிடம், அதைக் கொடுத்த நிறுவனமே பிடுங்கிக்கொண்டால் எங்கே போய் முறையிடுவது என்று கேட்டால், எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

சேர்ல் 1995-இல் எழுதிய 'சமூக மெய்ம்மையின் கட்டுமானம்' வேறு வழி. காசு, எல்லைக்கோடு, பதவி எல்லாம் மனிதர்கள் கூடி ஏற்றுக்கொள்வதால் நிற்கின்றன. அந்த ஏற்பைத் தாங்குவது மொழி. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பேர் பதிந்தால்தான் அன்றைய நாள் வேலைநாள். பதியாவிட்டால் நாள் முழுவதும் பால்மரம் வெட்டியிருந்தாலும் கிராணியின் (தோட்ட எழுத்தரின்) ஏட்டில் நீங்கள் வரவே இல்லை. ஏற்பு என்றால் ஒப்புதல் அல்ல, வேண்டாவெறுப்பாக உடன்போவதும் அதில் சேரும் என்று சேர்ல் பிற்பாடு தெளிவுபடுத்தினார். நேர்மையான திருத்தம். ஆனால் கணினி அந்த வேண்டாவெறுப்பைக்கூடக் கேட்பதில்லை. கணக்கை அழிக்க ஒரு கட்டளை போதும். ஊரார் அனைவரும் எதிர்த்தாலும் அது நிறைவேறிவிடும்.

அங்கேதான் லெசிக் முந்துகிறார். 1999-இல் வந்த அவருடைய 'கோட்' நூல், நம்மைக் கட்டுப்படுத்துபவை நான்கு என்கிறது: சட்டம், வழக்கம், சந்தை, கட்டமைப்பு. இணையத்தில் கட்டமைப்பு என்பது நிரல், அதாவது கணினிக்கு எழுதப்படும் கட்டளைத் தொகுப்பு. அதை எழுதுபவரே சட்டம் இயற்றுபவர். 1990-இல் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்து மட்டுமே கொண்ட உலகம் இதற்குச் சாட்சி. 'மந்திரவாதிகள்' எனப்பட்ட அதன் நிர்வாகிகள் 1992-இல் உறுப்பினர் சச்சரவுகளிலிருந்து விலகிக்கொண்டார்கள். 1993-இல் ஒருவர் பிற பாத்திரங்கள் மீது எழுத்திலேயே பாலியல் வன்முறை நிகழ்த்தியதும் ஊர் கொதித்தது; அதன்பின் மனு, வாக்கெடுப்பு எல்லாம் வந்தன. 1996-இல் மந்திரவாதிகள் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாக்குச்சீட்டு உறுப்பினரிடம், நிரல் அவர்களிடம்!

நம் அரசு 2025 ஜனவரி முதல், நாட்டில் 80 லட்சம் பயனர்களாவது உள்ள சமூக ஊடகங்களும் செய்தி அனுப்பும் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்று விதித்திருப்பது லெசிக் சொன்ன நான்கில் முதல் வகை. மூவருமே போதிய இடம் தராத கேள்வி ஒன்று உண்டு: மெய்நிகர் உலகமே அதில் வாழ்பவருக்குச் சொந்தமானால்? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், இவ்வூர் நாடாளுமன்ற உறுப்பினர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பில் தோட்டங்களையே வாங்க வைத்தார். மெய்நிகர் உலகம் இயங்கும் கணினியான சர்வரை அப்படி வாங்க முடியுமா என்று விவாதிக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எது?

என் வாக்கு லெசிக்குக்கு. 2006-இல் வந்த திருத்திய பதிப்பை இலவசமாகத் தரவிறக்கலாம். வட்டத்தின் கையிருப்புக்கும் அதுவே தோது. சால்மர்ஸ் நூலில் மொழி பற்றிய அத்தியாயத்தை மட்டும் இரண்டாம் கூட்டத்துக்கு எடுக்கலாம். சேர்லை யாராவது படித்துவிட்டு வந்து அரைமணி நேரத்தில் சொன்னால் போதும்.